சபை எதற்காக, அதில் எது முதலில்?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஒரு நோக்க அறிக்கையும் முன்னுரிமைப் பட்டியலும் எழுத உங்கள் சபையில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நீங்களும் இருக்கிறீர்கள். சுவிசேஷம்தான் முதல் என்கிறார் ஒருவர். ஆராதனை சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்கிறார் இன்னொருவர். ஏழைகளை விசாரிக்காத சபை சபையே இல்லை என்று ஒரு சகோதரி அழுத்தமாகப் பேசியிருக்கிறார். பாதியில் நிற்கிற கட்டடத்தை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்கிறார்கள் இரண்டு பேர். "வேதம் எதை முதலாவது என்கிறது? ஒரே வரியில் சொல்லமுடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சபை எதற்காக இருக்கிறது என்பது ஒன்று. பணமும் ஆளும் நேரமும் போதாதபோது எதை முன்னால் வைப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதிலை எந்தக் குழுவும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. சபையைக் கூட்டினவர் அதைச் சொல்லிவிட்டார். நாம் அதை அறிக்கை செய்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியை ஒவ்வொரு சபையும் தன் காலத்தையும் நிலைமையையும் பார்த்துத் தானே தீர்மானித்தாகவேண்டும். நோக்கத்தை ஓட்டுக்கு விடுகிறபோதும், முன்னுரிமையை வேதவாக்கியம்போல மாறாததாக்குகிறபோதும்தான் குழுக்களில் சண்டை வருகிறது. உங்கள் குழுவில் இரண்டும் நடக்கிறதென்று நினைக்கிறேன்.

இறையியல் படித்து, திருச்சபை வரலாறு கற்பித்து, பல ஆண்டுகள் போதகராக இருந்தவன் நான். இப்போது சபைக் கமிட்டிகள் இப்படித் திட்டமிடும்போது கூட உட்காருகிறேன். நான் புராட்டஸ்டன்ட் பாரம்பரியத்தைச் சேர்ந்தவன். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் நண்பர்கள் சில இடங்களில் வேறுவிதமாகச் சொல்வார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் 2:42 முதல் சபையைப் பற்றி நான்கு காரியங்களைச் சொல்கிறது: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். அதைத் தொடர்ந்து, அவர்கள் சொத்துகளை விற்றுத் தேவைக்குத் தக்கதாகப் பகிர்ந்தார்கள் என்றும், கர்த்தர் அநுதினமும் சபையில் ஆட்களைச் சேர்த்தார் என்றும் வருகிறது. மத்தேயு 28-ல் இயேசு சகல ஜாதிகளையும் சீஷராக்கும்படி அனுப்புகிறார். ஞானஸ்நானம் கொடுப்பதும், அவர் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளும்படி உபதேசிப்பதும் அந்த ஒரே கட்டளைக்குள் அடங்குகின்றன. எபேசியர் 4, போதகரும் மேய்ப்பரும் கொடுக்கப்பட்டது பரிசுத்தவான்களை ஊழியத்துக்குச் சீர்ப்படுத்த என்கிறது. 1 பேதுரு 2:9, அந்தகாரத்திலிருந்து வரவழைத்தவருடைய புண்ணியங்களை அறிவிப்பதற்காகவே நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி என்கிறது. தேவனை ஆராதிப்பது, ஒருவரையொருவர் தாங்கி வளர்ப்பது, வெளியே போய்ச் சொல்வது, தேவையில் இருப்பவனுக்குக் கைகொடுப்பது ஆகிய நான்கையும் எந்தப் பிரிவைச் சேர்ந்த சபையும் மறுப்பதில்லை. ஆகவே உங்கள் நோக்க அறிக்கையில் இந்த நான்கில் எதையும் விட்டுவிட உங்களுக்கு உரிமை இல்லை. இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சபை என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முயன்றவர்கள் நமக்கு முன்னும் இருந்தார்கள். 1530-ல் லூத்தரன்கள் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7-வது பிரிவு, சுவிசேஷம் சரியாகப் போதிக்கப்பட்டு சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்குகள்) முறையாக வழங்கப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டமே சபை என்கிறது. 1561-ல் வந்த, சீர்திருத்த சபைகளின் பெல்ஜிக் அறிக்கை இதோடு சபை ஒழுங்கையும் மூன்றாவது அடையாளமாகச் சேர்த்தது. சிலர் இந்த வரிகளைக் காட்டி, "பாருங்கள், பிரசங்கமும் திருவிருந்தும் போதும், மற்றதெல்லாம் கூடுதல்" என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அது அந்த அறிக்கைகளுக்குச் செய்கிற அநியாயம். உண்மையான சபை எங்கே இருக்கிறது என்று கேட்ட காலத்துக்கு அவை பதில் சொல்லின. சபை என்னென்ன செய்யவேண்டும் என்ற முழுப் பட்டியலை அவை தர முயலவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-ல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணத்தில், திருச்சபையின் செயல்கள் யாவும் போய்ச்சேருகிற சிகரமும் அதன் ஆற்றல் பெருகிவருகிற ஊற்றும் திருவழிபாடே என்று சொன்னது. அதற்குச் சற்று முன்பாகவே, வழிபாடு மட்டுமே திருச்சபையின் முழு வேலை ஆகிவிடாது என்றும் அதே ஆவணம் சொல்லிவைத்தது.

ஆராதனைதான் முதல் என்று உங்கள் குழுவில் சொன்னவர் ஒரு விதத்தில் சரியாகவே சொல்கிறார். வரிசையில் முதலாவது என்பதைவிட, மற்றவற்றுக்கெல்லாம் பிறப்பிடம் அது என்று சொல்வேன். ஏறக்குறைய 155-ல் யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி ரோமப் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கிறார். நேரம் இடம்கொடுக்கும் அளவுக்கு அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர் புத்தி சொல்வார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்பட்டு, ஸ்தோத்திரம் சொல்லிப் பகிரப்படும். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதை வீட்டுக்கே கொண்டுபோவார்கள். வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள். அது தலைவரிடம் சேர்ந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் ஆகியோருக்குப் போகும். ஒரே கூடுகையின் ஒரே வர்ணனையில் வசனமும் பந்தியும் காணிக்கையும் கஷ்டப்படுகிறவனும் வந்துவிடுகிறார்கள். 'ஆராதனைத் துறை', 'சமூகசேவைத் துறை' என்ற பிரிவே அங்கு இல்லை. வராதவர்களுக்கு அப்பம் கொண்டுபோனவர்கள், யார் வரவில்லை என்று தெரிந்துவைத்திருந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆதாரமும் எனக்கு மிகவும் பிடித்தது. 251 வாக்கில் ரோம ஆயராக இருந்த கொர்னேலியு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். தன் சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், 7 துணை உதவிக்காரர்கள், இன்னும் பல பொறுப்பாளர்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லிவிட்டு, 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளும் ஆதரவற்றவர்களும் ஆண்டவரின் கிருபையால் போஷிக்கப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். தேசியஸ் பேரரசனின் உபத்திரவம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அவருக்கு முந்தைய ஆயர் அதில் உயிரிழந்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்திலும் பொறுப்பாளர்களின் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்லத்தக்கதாக அவருக்குத் தோன்றியது, தங்கள் கையில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை.

சரி, இப்போது முன்னுரிமைக்கு வருவோம். வேதத்தில் இதற்கு நான் எப்போதும் திறக்கிற பக்கம் அப்போஸ்தலர் 6. இதை நாம் அவசரமாகப் படித்துவிட்டுப் போகிறோம். சீஷர்கள் பெருகுகிறார்கள். பந்தியில் கிரேக்கம் பேசுகிற விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள். வேண்டுமென்றே யாரும் செய்ததாக லூக்கா சொல்லவில்லை. கூட்டம் பெருகினால் பாஷை தெரியாதவன்தான் முதலில் விடுபடுவான். முறுமுறுப்பு எழும்புகிறது. அப்போஸ்தலர்கள் அதை அடக்கவில்லை. 'முறுமுறுக்கிறவர்கள் ஆவிக்குரியவர்கள் அல்ல' என்று பிரசங்கம் பண்ணவும் இல்லை. சபை முழுவதையும் கூப்பிட்டு, "நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல" என்கிறார்கள். அதே மூச்சில், ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் காலத்து யூதர் பலருக்குக் கிரேக்கப் பெயர் இருந்தது, எனவே பெயரை வைத்து அடித்துச் சொல்லமுடியாது என்பவர்களும் உண்டு. அவர்களில் கடைசியாக வருகிற நிக்கொலா அந்தியோகியாவிலிருந்து வந்து யூதமார்க்கத்தில் சேர்ந்தவன் என்பதை மட்டும் லூக்காவே சொல்லிவிடுகிறார்.

இந்தப் பகுதியை வைத்து 'வசனமே பெரிது, பந்தி சிறிது' என்று சொல்கிறவர்கள் அடுத்த இரண்டு அதிகாரங்களைப் படிப்பதில்லை. பந்திக்கென்று நியமிக்கப்பட்ட ஸ்தேவான்தான் 7-ம் அதிகாரத்தில் அந்தப் புத்தகத்திலேயே மிக நீண்ட பிரசங்கத்தைச் செய்து மரிக்கிறான். பிலிப்பு 8-ம் அதிகாரத்தில் சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோகிறான். விதவைகளின் பிரச்சினை தீர்ந்த உடனே 6:7 சொல்வது, தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்று. ஆகவே அப்போஸ்தலர் 6-லிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: நோக்கம் அப்படியே இருந்தது. அந்த வாரத்து முன்னுரிமை மாறியது. அதை மாற்றியது விடுபட்டுப்போனவர்களின் குரல். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதைத்தான் தருவேன். உங்கள் சபையில் இப்போது யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் முன்னுரிமை இருக்கிறது.

விடுபடுகிறவர்கள் எப்போதும் ஏழைகளாகத்தான் இருப்பார்கள் என்பதில்லை. ஒரு சபையில் உணவும் மருத்துவ உதவியும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் விசுவாசத்துக்கு வந்து ஆண்டுகள் ஆனவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஜெபம் செய்யத் தெரியாது, ஒரு சங்கீதத்தை விளக்கத் தெரியாது. அங்கே விடுபட்டது உபதேசம். இன்னொரு சபை வேதபாடத்தில் பலமானது. ஆனால் விசுவாசி அல்லாத ஒருவர் அந்த வாசலை மிதித்துப் பல வருடம் ஆகியிருக்கும். அங்கே விடுபட்டது வெளியே இருப்பவர். வேறொன்றில் ஓயாமல் நிகழ்ச்சிகள் நடக்கும், ஆனால் ஜெபம் நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கவும் முடித்துவைக்கவும் மட்டுமே பயன்படும். இந்த மூன்று சபைகளுக்கும் ஒரே முன்னுரிமைப் பட்டியலை நான் எழுதிக் கொடுத்தால் குறைந்தது இரண்டு சபைகளுக்குத் தீங்கு செய்தவனாவேன்.

வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரங்களில் ஆண்டவர் செய்வதும் இதுதான். ஏழு சபைகளுக்கும் அவர் ஒரே புத்திமதியைச் சொல்லவில்லை. எபேசு சபை உழைக்கிறது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்து அறிகிறது, உபதேசத்தில் குறை இல்லை. ஆனால் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டது. தியத்தீரா சபைக்கு அன்பும் ஊழியமும் இருக்கிறது, முன்பைவிடக் கிரியைகளும் அதிகம். ஆனால் கேடான உபதேசத்துக்கு இடம்கொடுத்து வைத்திருக்கிறது. லவோதிக்கேயா தனக்கு ஒரு குறைவும் இல்லை என்கிறது. கடிந்துகொள்ளுதலே இல்லாத இரண்டு சபைகள் தரித்திரத்தில் இருந்த சிமிர்னாவும், கொஞ்சம் பெலன் மட்டுமே இருந்த பிலதெல்பியாவும். புதிய ஏற்பாட்டு நிருபங்களில் எந்தச் சபையும் சிறியதாக இருப்பதற்காகக் கண்டிக்கப்படவில்லை. ஆட்களின் எண்ணிக்கையை இலக்காக எழுதலாமா என்று உங்கள் குழுவில் பேச்சு வந்தால் இதை நினைவுபடுத்துங்கள். எண்ணிப் பார்ப்பது தவறில்லை, லூக்காவும் எண்ணிக்கை சொல்கிறார். ஆனால் சேர்க்கிறவர் கர்த்தர் என்றும் அவரேதான் எழுதுகிறார்.

இனி, கிறிஸ்தவர்களுக்குள்ளேயே உண்மையாக விவாதம் இருக்கிற இடங்கள். சுவிசேஷ அறிவிப்புக்கும் சமூக சேவைக்கும் உள்ள உறவு அவற்றில் பெரியது. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய உலக சுவிசேஷ மாநாடு வெளியிட்ட உடன்படிக்கை, சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று ஒப்புக்கொண்டது. இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவையாகச் சில சமயம் பார்த்ததற்காக மனஸ்தாபமும் தெரிவித்தது. அதற்கு அடுத்த பிரிவில், சபையின் தியாக ஊழியத்தில் சுவிசேஷம் அறிவிப்பதே முதன்மையானது என்றும் எழுதியது. இந்த இரண்டு வாக்கியங்களில் எதை அழுத்திப் படிப்பது என்று பக்திமான்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் சொந்த முடிவைச் சொல்கிறேன், இதை வேதத்தின் கட்டளையாக எடுத்துக்கொள்ளவேண்டாம். கிறிஸ்துவைப் பற்றிய செய்தியைச் சபையைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள். ஆதலால் அதை விட்டுவிடுகிற சபை தன்னுடைய தனிப்பட்ட பொறுப்பை விட்டுவிடுகிறது. அந்த அர்த்தத்தில் அது முதன்மை. ஆனால் வாசலில் ஒருவர் பசியோடு நிற்கும்போது முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம். சாப்பாட்டைத் தூண்டிலாக வைப்பதும் கூடாது. அவர் செய்தியைக் கேட்காமலே போனாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

வெளியே இருப்பவர்கள் சபையைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு, அதுவும் பகைவனுடையது. 362 வாக்கில் ரோமப் பேரரசன் யூலியன் பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்க முயன்றபோது, கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று வெட்கப்படுகிறான். ஊர்தோறும் அந்நியருக்கான விடுதிகளை ஏற்படுத்தும்படி கட்டளையிடுகிறான். சபையின் பிரசங்கத்தைப் பற்றி அவனுக்கு நல்ல எண்ணமே இல்லை. ஆனால் இதைப் பார்க்காமல் இருக்க அவனால் முடியவில்லை. "நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்ளுவார்கள்" என்று இயேசு சொன்னதை (யோவான் 13:35) நான் சுவிசேஷ ஊழியத்தைப் பற்றிய வசனமாகவும் படிக்கிறேன்.

எருசலேம் சபை சொத்தைப் பொதுவாக வைத்திருந்தது எல்லாச் சபைகளுக்கும் சட்டமா, அந்தக் காலத்துச் செயலா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. நிலத்தை விற்று அதில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு, நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்று கேட்பதால், அது கட்டாயம் அல்ல என்றே நான் நினைக்கிறேன். தசமபாகத்தைப் பற்றியும் அப்படித்தான்: அது இன்றும் கட்டளை என்று உண்மையாக நம்புகிறவர்களை மதிக்கிறேன், ஆனால் பவுல் கொரிந்தியருக்குக் கொடுத்தலைப் பற்றி இரண்டு முழு அதிகாரங்கள் எழுதியும் பத்தில் ஒன்று என்று எங்கும் சொல்லவில்லை. உற்சாகமாய்க் கொடுக்கிறவனைப் பற்றிச் சொல்கிறார். நோக்க அறிக்கைக்குள் இந்தச் சர்ச்சைகளைக் கொண்டுவராதீர்கள்.

கட்டடத்தைப் பற்றி உங்கள் குழுவில் இருவர் சொன்னதை நான் தள்ளிவிடமாட்டேன். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த துரா யூரோப்போஸ் என்ற ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீட்டுச்சபையைப் பாருங்கள். 256 வாக்கில் அந்த ஊர் பாரசீகரிடம் விழுந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு கிறிஸ்தவர்கள் அங்கே ஒரு சாதாரண வீட்டை எடுத்து, இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடுகைக்கு ஒரு பெரிய அறையாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டிச் சுவர்களில் நல்ல மேய்ப்பனையும் தண்ணீர்மேல் நடந்த காட்சியையும் வரைந்திருக்கிறார்கள். கட்டடத்துக்குச் செலவு செய்வது பாவம் என்று அவர்கள் நினைக்கவில்லை. கூடவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் தேவைப்பட்டதைச் செய்தார்கள். உங்கள் கட்டடத்தைப் பற்றியும் அதையே கேளுங்கள்: இது முடிந்தால், இப்போது விடுபட்டிருக்கும் யாருக்கு உள்ளே இடம் கிடைக்கும்? அந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வருமானால் கட்டுங்கள். பக்கத்துச் சபையைவிட நம்முடையது சின்னதாகத் தெரிகிறது என்பதுதான் பதிலானால் நிறுத்திவையுங்கள்.

கொரிந்துவில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அங்கே திருவிருந்து தவறாமல் நடந்தது. ஆனால் வசதியுள்ளவர்கள் முதலில் வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டார்கள். பிந்தி வந்தவனுக்கு ஒன்றும் இல்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11:21). இப்படிக் கூடிவருவது கர்த்தருடைய இராப்போஜனம் பண்ணுதலே அல்ல என்று சொல்லிவிடுகிறார். முறை எல்லாம் சரியாக இருந்தும், பக்கத்தில் இருப்பவனைக் காணாததால் ஆராதனையே இல்லாமல் போயிற்று. "ஆராதனையா, ஏழையா?" என்று உங்கள் குழுவில் நடக்கிற விவாதத்துக்கு இந்த அதிகாரத்தைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். அறிக்கை எழுதும் முன் மூன்று பொருள்களை மேசைமேல் வையுங்கள்: போன வருடத்து வரவுசெலவுக் கணக்கு, போன வருடத்து நிகழ்ச்சிக் காலண்டர், கமிட்டிக் கூட்டக் குறிப்பேடு. உங்கள் சபையின் உண்மையான முன்னுரிமை ஏற்கெனவே அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பேட்டில் எந்த விஷயத்துக்கு எத்தனை பக்கம் போயிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். ஒரு சபையில் நான் அப்படிப் புரட்டியபோது ஒலிபெருக்கி வாங்கியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நோயாளிகளைச் சந்திப்பது ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசித் தலைப்பாக வந்து, 'அடுத்த கூட்டத்தில் பேசப்படும்' என்ற ஒரே வரியோடு முடிந்திருந்தது. அங்கிருந்தவர்கள் கல்மனக்காரர்கள் அல்ல. தலைப்புகளை எந்த வரிசையில் எடுப்பது என்று யாரும் யோசித்ததே இல்லை. அடுத்த கூட்டத்திலிருந்து அந்தத் தலைப்பை ஜெபத்துக்கு அடுத்ததாக வைத்தார்கள். சில மாதங்களில் அந்தக் கமிட்டியின் பேச்சே மாறிவிட்டது.

வருகைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், முழங்கால் வலியால் படியேற முடியாமல் ஒரு மூதாட்டி வருவதை நிறுத்திவிட்டார். அதே சமயத்தில் ஒரு புதிய குடும்பம் வரத் தொடங்கியதால் மொத்த எண்ணிக்கை குறையவே இல்லை. அவர் எப்போதும் உட்காருகிற மூன்றாம் வரிசை ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மாதக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி, அவர் தரும் மிட்டாய்க்காக. எண்ணிக்கையைத் தலைக்கணக்காக வைக்காமல் பெயர்ப் பட்டியலாக வைத்து, மாதம் ஒருமுறை இரண்டு பேர் அதைப் பார்த்தால் போதும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தெரிந்துகொண்ட சகோதரர் கூடவே போகிறார்கள். யாரும் நம்மைக் குற்றப்படுத்தாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்கிறோம் என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. கணக்கை எண்ண இரண்டு பேர், எழுத வேறொருவர், சபைக்கு முன் வாசிப்பது என்ற ஒழுங்கு இல்லாத இடத்தில் எந்த முன்னுரிமையும் நிலைக்காது.

அறிக்கையைச் சின்னதாக எழுதுங்கள். நோக்கத்துக்கு நான்கைந்து வாக்கியம் போதும், புதிதாகச் சொல்ல முயலவேண்டாம். முன்னுரிமைகள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயர், ஒரு தேதி, இந்த வருடம் இதற்காக எதை நிறுத்துகிறோம் என்ற ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் எழுதக் கஷ்டமானது. அதை எழுதாமல் விட்டால் பழைய வேலைகளின்மேல் புதிய வேலையும் சேரும், அதே ஐந்தாறு பேர் சோர்ந்துபோவார்கள். மூன்று ஆண்டு என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒரு வருடத்துக்கு எழுதி, வருடமுடிவில் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் சபையை நான் பார்த்ததில்லை. ஆகையால் வருமானத்தில் எத்தனை பங்கு எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன், அப்படி ஒரு விகிதத்தை வேதமும் தரவில்லை. உங்கள் பிரிவின் சட்டதிட்டங்கள் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறது என்பதையும் நீங்கள்தான் பார்க்கவேண்டும். ஆனால் ஒன்றை எந்தச் சபைக்கும் தயங்காமல் சொல்வேன். ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சபைக்குள் யாராலாவது தீங்கு நடந்து அது மூடிவைக்கப்பட்டிருந்தால், நோக்க அறிக்கை எழுதுவதை உடனே நிறுத்துங்கள். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பதும், சட்டப்படி தெரிவிக்கவேண்டியவர்களிடம் தெரிவிப்பதும் முதல் வேலை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அதற்குத் தடையாக இருக்கக்கூடாது. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி இயேசு சொன்னதை (மத்தேயு 18:6) மென்மைப்படுத்த எனக்கு அதிகாரம் இல்லை.

குழு அடுத்து எப்போது கூடும் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன் இரண்டு இரண்டு பேராகப் போய், குழுவில் இல்லாதவர்களைக் கேளுங்கள்: நடமாட முடியாமல் வீட்டில் இருப்பவர், சபைக்கு வருவதை நிறுத்தியவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முடிந்தவுடன் போய்விடுகிறவர், வாலிபரில் யாராவது. "சபை உங்களுக்கு எதில் குறைவைத்தது?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லவோ சபைக்காக வாதாடவோ வேண்டாம். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வந்து, பெயர் சொல்லாமல் குழுவில் வாசியுங்கள். பட்டியலை அதன்பிறகு எழுதலாம்.